கைராசியை விற்கப் போன கதை

"மேடம், நீங்க இல்லாட்டி இந்த பிஸ்னஸ் ஓடுமா?"

என் நிறுவனத்தை வாங்க கொழும்பிலிருந்து வந்தவர், முன்னால் வைத்த ப்ளேன்டீயைக்கூடத் தொடாமல் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குச் சுருக்கென்றது. கடையை வாங்க வருகிறவன் கடையைப் பார்ப்பான். கடைக்காரி மண்டையைப் போட்டால் என்ன ஆகும் என்றா எடுத்த எடுப்பில் கேட்பான்? ஆனால் வாங்க வந்தவரிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓடும் தம்பி, நல்லா ஓடும்" என்றேன். அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். தம்பி என்றது அவருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு விற்றே ஆகவேண்டியிருந்தது. என் கணவருக்கு இழுப்பு. கொட்டகலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனுஷன். ஊரில் சின்னது பெரிசு எல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சில வருடங்களாக மழைக்காலம் வந்தால் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஒரு வசனத்தை மூன்று தவணையில்தான் பேசி முடிப்பார். அவரோடு நிம்மதியாகச் சண்டை போடவும் வழியில்லை. அவர் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் என் கோபம் ஆறிப் போய்விடும். கண்டியில் காட்டிய டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்: "குளிர் இல்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இன்னொரு மழைக்காலத்த இந்த நெஞ்சு அங்க தாங்காது."

மாத்தளையில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. நிறுவனம் விற்றால் அந்த வீடு. வீடு அமைந்தால் மாத்தளை. மாத்தளை போனால் இவர் மூச்சு விடுவார். இது மழை பிடிப்பதற்குள் நடக்க வேண்டும். "நீங்க முன்னால போய் தங்கச்சி வீட்டுல இருங்க, நான் பின்னால வர்றேன்" என்று எத்தனையோ தடவை தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன். "நீ இல்லாம... நான் எங்க... போறது" என்று ஒரே பிடி. செவிடன் காதில் ஊதின சங்குதான்.

என் தொழில் என்ன என்று கேட்டால், ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. வெளிநாட்டுக்காரன் தேயிலை வாங்குவதற்கு முன்னால் தொழிற்சாலை சுத்தமாக, ஒழுங்காக இருக்கிறதா என்று சான்றிதழ் கேட்பான். சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் ஓர் ஆய்வாளர் வந்து மூலை முடுக்கெல்லாம் துருவுவார். அவர் வருவதற்கு முன்னால் நான் போய்த் துருவ வேண்டும். வடிகானை மூடு, ஜன்னலுக்கு வலை அடி, கொழுந்து கொட்டும் இடத்தில் வெற்றிலை துப்பாதே, மருந்துப் போத்தலைத் தேயிலைக்குப் பக்கத்தில் வைக்காதே. இதைத்தான் இத்தனை வருடமாக மலை மலையாக ஏறிக் கத்திக்கொண்டிருந்தேன். ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. என்னோடு பத்து வருடமாக வேலை செய்யும் ஒரு பெண். அவ்வளவுதான் நிறுவனம்.

வந்தவர் அந்தப் பெண்ணிடமும் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த ஃபேக்டரிக்காரங்க வேற யார்கிட்டயும் போகாம, இங்கயே வர்றாங்களே, என்ன காரணம்?"

அவள் யோசிக்கவே இல்லை. "மேடத்துக்கு கைராசிங்க சேர்."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "அப்படின்னா?"

எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளோ மலர்ந்த முகத்தோடு விளக்கம் சொன்னாள். "ஆடிட் அன்னைக்கு காலையில மேடம் வந்து ஸ்டோர் வாசல்ல இருக்கிற புள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைப்பாங்க. ஒடைச்சா பாஸ்தான். இதுவரைக்கும் தவறுனதே இல்லைங்க." தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

இந்தக் கைராசிக் கதையைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். பல வருடங்களுக்கு முன்பு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. அதுதான் என் முதல் வேலை. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, அந்த வடிகானை மூட வைப்பதற்குள் நான் தலையால் தண்ணீர் குடித்தேன். ஆய்வு நாளன்று காலையில் அங்கே போனபோது, பூசாரி வரவில்லை என்று தேங்காயை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறதே என்று நான் வாங்கி உடைத்தேன். அது சரிபாதியாக உடைந்து தொலைத்தது. அன்றைக்குத் தொழிற்சாலை தேறியது. வடிகான் போயிற்று, வலை போயிற்று, நான் கத்திய கத்தலெல்லாம் போயிற்று. மேடம் கையால் தேங்காய் உடைத்தது மட்டும் எல்லார் மனதிலும் நின்றுவிட்டது. அந்தப் பேச்சு மஸ்கெலியா போனது, நோர்வூட் போனது, தலவாக்கலை போனது. பிறகு நான் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் ஆய்வு அன்று வாசலில் தேங்காய் தயாராக இருக்கும். விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கினவள் நான். சொல்லுங்கள் பார்ப்போம், எங்கே போய் முட்டிக்கொள்வது?

கொழும்புக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தக் கைராசிய எங்களுக்கு எப்படி மாத்திக் குடுப்பீங்க?" கேலியா நிஜமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போய் இரண்டு நாளில் பதில் வந்தது. வாங்க விருப்பம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. நான் ஒரு மாதம் ஒதுங்கி நிற்க வேண்டும். அலுவலகத்துக்குப் போகக்கூடாது, தொழிற்சாலைக்குப் போகக்கூடாது, வாடிக்கையாளரிடம் பேசக்கூடாது. வேலை தானாக ஓடினால் கையெழுத்து. அந்த மாதத்துக்குள்தான் பொகவந்தலாவைத் தொழிற்சாலையின் ஆய்வும் வந்தது. அதைப் பார்க்கத் தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

சரி, ஒரு மாதம்தானே என்று என் கைத்தொலைபேசியை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். வீட்டுத் தொலைபேசி இலக்கம் உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அது அடிக்கத் தொடங்கியது.

"மேடம், இந்த ரோலர் ரூம் சுவருக்கு வெள்ளையா, பச்சையான்னு கேக்குறாங்க."

"இத்தனை வருசம் என்கூட இருந்திருக்க, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். வெள்ளைதான். நீங்களும் ஒருக்கா சொல்லிட்டீங்கன்னா..."

நான் ரிசீவரை வைத்தேன். மறுநாளும் அடித்தது. எடுக்காமல் விட்டேன். எடுக்காமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் ஊரில் ஒரு ஆள் நாலு நாள் கண்ணில் படவில்லை என்றால் ஒன்று படுத்த படுக்கை, இல்லையென்றால் இழவு. வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. ஹட்டனில் காய்ச்சல் என்று புறப்பட்ட செய்தி, டிக்கோயா தாண்டும்போது ஆபரேஷன் ஆகி, பொகவந்தலாவை போய்ச் சேரும்போது நான் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தேன். ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சத்துமா டின், தோடம்பழம், ஆப்பிள், செவ்விளநீர். ஒரு அம்மா நுவரெலியாவிலிருந்து நானுஓயா வந்து ரயில் பிடித்து, மடியில் ஒரு கோழியோடு வந்து இறங்கினார். சூப் வைத்துக் குடிக்க வேண்டுமாம். நான் கல்லுக்குண்டு போல நிற்கிறேன், "அடிப்பாவி மகளே, இப்படி எளைச்சுப் போயிட்டியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

கூத்து என்னவென்றால், நோயாளி அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு பேர் வந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது. "உக்காருங்க... உக்காருங்க..." என்று விசில் சத்தத்தோடு கதிரை இழுத்துப் போடுவார். குளிருக்குக் கதவை மூடி வைத்தால், வருகிறவர்களுக்காகத் திறந்து வைப்பார். "கதவ மூடுங்க, அந்தக் காத்து ஒங்களுக்கு ஆகாது" என்று நான் கத்துவேன். "வீட்டுக்கு வர்றவங்க... மூஞ்சில அடிச்ச மாதிரி... கதவ மூடச் சொல்றியா?" என்பார். ஐயோ சாமி, யாருடைய மூச்சுக்காக நான் இந்தச் சிறையில் கிடக்கிறேன்? வீட்டு இலக்கத்தை ஊருக்கெல்லாம் கொடுத்ததும் இந்தப் புண்ணியவான்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆய்வுக்கு முந்தைய நாள் பொகவந்தலாவைத் தொழிற்சாலையின் டீமேக்கர் வந்தார். தேயிலை காய்ச்சி இறக்கும் வரைக்கும் அத்தனை பொறுப்பும் அவர் தலையில். நெற்றி நிறைய விபூதி. கையில் வழக்கமான தோடம்பழப் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், மேலுக்கு முடியலைன்னு சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு எல்லாம் அந்தப் புள்ள வந்து பாத்துக்கும். எல்லாம் தயார்தானே? வடிகான் மூடியாச்சு. வலை அடிச்சாச்சு. பொறகு என்னா?"

"அதெல்லாம் செஞ்சாச்சுங்க. அது கெடக்கட்டும். நாளைக்கு வந்து காய மட்டும் ஒடைச்சிட்டுப் போயிருங்க. ஒரு வார்த்தை பேச வேணாம். வான் அனுப்புறேன்."

"முடியாதுங்க. நான் வந்தா இந்த யாவாரமே நின்னுரும். அந்தப் புள்ளயே ஒடைக்கும்."

அவர் முகம் வாடிப் போனது. "அந்தப் புள்ள தங்கமான புள்ள. இல்லைன்னு சொல்லல. ஆனா அது கை எப்படின்னு நமக்குத் தெரியாதுங்களே மேடம். ஸ்டோர்ல இத்தன குடும்பம் கஞ்சி குடிக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "தேங்காயில என்னாங்க இருக்கு? வடிகான்லதான் இருக்கு!" என்று கத்தியே விட்டேன். பெரிய மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இரண்டு பேரும் படலைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், "பாண் வாங்கிட்டு வர்றேன்" என்று போனார். பாண் சுடுகிற பேக்கரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெளியே பனிமூட்டம், அதோடு தூறல் வேறு. வெகு நேரமாகியும் ஆளைக் காணவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர் எங்க, கலியாணத்துக்கா? பட்டு வேட்டி எல்லாம் கட்டிக்கிட்டு வான்ல ஏறினாங்க?"

பாண் வாங்கப் போகிறவருக்குப் பட்டு வேட்டி எதற்கு? உள்ளே ஓடிப் பார்த்தேன். மப்ளரைக் காணவில்லை. இன்ஹேலரைக் காணவில்லை. எல்லாம் திட்டம் போட்டு எடுத்து வைத்துக்கொண்டுதான் மனுஷன் கிளம்பியிருக்கிறார். என் சொந்தக் கைத்தொலைபேசிக்கு வீட்டிலிருந்து அடித்தேன். அலுவலகப் பெண் குசுகுசுவென்று பேசினாள்.

"மேடம்... மாஸ்டர் இங்க வந்திருக்காங்க."

"அங்க வந்து என்னா பண்றாரு?"

"புள்ளையார் முன்னால நிக்கிறாங்க. கையில தேங்கா."

"அடியே, அவர அப்படியே வான்ல ஏத்தி அனுப்பு! அந்தக் குளிர்ல..."

படார் என்று ஒரு சத்தம் என் காதில் கேட்டது. "மேடம்! சரிபாதியா ஒடைஞ்சிருக்கு!" என்று கூவினாள் அந்தப் பாவி மகள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழும்பு சேர் என்னையே பாக்குறாரு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தேங்காய் உடைத்ததும் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். டீமேக்கருக்கு மனம் கேட்கவில்லை. "உள்ள வந்து சூடா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்று கூட்டிப் போய், சலிக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறார். தேயிலையைச் சலிக்கும்போது அங்கே பறக்கும் தூள், நல்ல நெஞ்சுக்கே அடைக்கும். ஆய்வாளர் மேல் மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே இருமல் தொடங்கியிருக்கிறது. இன்ஹேலரை அடித்திருக்கிறார்; கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டதாம்.

ஓடி வந்து பார்த்த பெண், என்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. நேராகக் கொழும்புக்காரரிடம் போய், "சேர், ஒங்க காரை எடுங்க" என்றிருக்கிறாள். "ஆடிட்?" என்று அவர் கேட்க, "அத டீமேக்கர் பாத்துக்குவாரு, நீங்க சாவிய எடுங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் பக்கத்தில் நிற்காமல் ஆய்வாளரிடம் வாயே திறக்காத டீமேக்கர், அன்றைக்குத் தன்னந்தனியாக மிச்சத்தைக் காட்டி முடித்தாராம். அது முடிந்த பிறகு வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாராம், மாஸ்டரை நானே கொன்றுவிட்டேன் என்று.

அந்தப் பெண் மறுபடி அழைத்துச் சேதி சொன்னதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழி நெடுக எத்தனை வளைவு வந்தது, அந்த ஆட்டோக்காரர் என்ன பேசினார், ஒன்றும் நினைவில்லை. கடவுளே, மாத்தளை வேண்டாம், வீடு வேண்டாம், ஆளை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே போனது மட்டும் ஞாபகம். வராந்தாவில் கொழும்புக்காரர் நின்றார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஒரு தேங்காய் மூடி. பிரசாதம் என்று யாரோ காருக்குள் திணித்திருக்கிறார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயமில்லையாம் மேடம். மருந்துப் புகை பிடிக்கிறாங்க" என்றார்.

உள்ளே இவர் மூக்கில் கவசத்தோடு கிடந்தார். பட்டு வேட்டி முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் அந்தக் கவசத்தைக் கையால் தூக்கி முதலில் கேட்டது என்ன தெரியுமா? "பாஸா...யிருச்சா?"

நான் கத்திவிட்டேன். வார்டு என்று பார்க்கவில்லை, சனம் பார்க்கிறதே என்று பார்க்கவில்லை. "ஒங்க மூச்சுக்காகத்தானேய்யா நான் இதெல்லாத்தையும் விக்கிறேன்! நீங்க போயிட்டீங்கன்னா அந்த வீட்டுல நான் யாரோட குடியிருக்கிறது? சாகுறதுக்கா வேட்டி கட்டிக்கிட்டுப் போனீங்க?" தாதி ஓடி வந்து சிங்களத்தில் மெதுவாகப் பேசச் சொன்னார். எனக்கு மெதுவாகப் பேச வரவில்லை.

அவர் என்னைப் பேசவிட்டு, நான் மூச்சு வாங்கின இடைவெளியில் சொன்னார். "அந்தாளு... பாத்துக்கிட்டு இருக்கும்போது... பெயிலாகிட்டா வாங்குவானா? நீ ஒடைக்க... வழியில்ல. ஒன் கைராசில பாதி... எனக்கும் இருக்கும்ல? தாலி கட்டுன... கை."

இதைச் சொன்னது யார்? முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அந்தத் தேங்காய் நம்பிக்கையைச் சொல்லி இத்தனை வருடம் நான் வீட்டில் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் என்னோடு சேர்ந்து சிரித்த மனுஷன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். கவசத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். கழற்றினால் கையை ஒடிப்பேன் என்றேன்.

தொழிற்சாலை தேறிவிட்டது. வடிகான் நன்றாக இருந்தது, அதனால் தேறியது. ஆனால் பொகவந்தலாவையில் போய்க் கேளுங்கள், மாஸ்டர் கைதான் மேடம் கையைவிட ராசி என்பார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதுதான் அடுத்து நடந்தது. கொழும்புக்காரருக்கு மனது இருந்தது. அவருடைய மேலிடத்துக்கு இல்லை. நான் போகாவிட்டாலும் என் வீட்டிலிருந்து ஆள் போயிருக்கிறதே, அது எப்படி ஒதுங்கி நின்றதாகும் என்று கேட்டார்களாம். இன்னொரு மாதம், முதலிலிருந்து. இந்தத் தடவை வீட்டில் யாரும் ஸ்டோர் வாசலை மிதிக்கக் கூடாது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிக்கப் போகிறது. இவர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போர்வைக்குள் கிடக்கிறார்.

நான் நேராகப் போய்ச் சொன்னேன். "நாளைக்கு மாத்தளைக்குப் போறீங்க. நான் பொறகு வர்றேன்."

"நீ இல்லாம..."

"நீங்க இங்க இருந்தா இந்த மாசமும் போச்சு. நீங்க ஒரு ஆள் போதும் இந்த யாவாரத்தக் கெடுக்க. வேற ஆளே வேணாம்."

தங்கையின் கணவர் வான் கொண்டு வந்தார். கலியாணம் செய்த நாளிலிருந்து நாங்கள் இப்படிப் பிரிந்திருந்ததில்லை. வானில் ஏறும்போது அவர் என்னைப் பார்க்கவேயில்லை, பெரிய கோபம். எனக்கும் கோபம்தான். வான் வளைவில் மறைந்த பிறகு உள்ளே வந்து, ஊற்றி வைத்த இரண்டு கோப்பை டீயையும் நானே குடித்தேன்.

அந்த இரண்டாம் மாதம் ஓடியது, முடிந்தது, கையெழுத்தும் ஆனது. அலுவலகத்தை இப்போது அந்தப் பெண்தான் அவர்களுக்காக நடத்துகிறாள். தேங்காயும் அவள்தான் உடைக்கிறாள். எப்படி உடைகிறது என்று நான் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அந்த மாதத்தின் நடுவில் ஒரு மாலை நேரம். வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் தொலைபேசி அடித்ததே முதலில் கேட்கவில்லை. எடுத்தேன். போன நாளிலிருந்து, கோபித்துக்கொண்டு, தங்கையின் வாயாலேயே சேதி சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், முதல் தடவையாகத் தானே பேசினார்.

"இந்தா, நான்தான், நம்ம டீமேக்கருக்கு போன் பண்ணினேன், அவரு அடுத்த ஆடிட்டுக்கு என்னா செய்றதுன்னு கெடந்து தவிக்கிறாரு, நான் சொல்லிட்டேன், அந்தப் புள்ளயே ஒடைக்கட்டும், நான் இங்க கோயில்ல ஒரு காய ஒடைச்சிடுறேன், ரெண்டுக்கும் ஒண்ணா கணக்கு சரியாயிரும், நீ ஒண்ணும் யோசிக்காத, வேளைக்குச் சாப்புடு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசக்கூடாது, தலையிடக்கூடாது என்று அத்தனை சொல்லி அனுப்பியும், மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு பொகவந்தலாவைக்குப் போன் பண்ணியிருக்கிறார். யாரைக் கேட்டு பண்ணினீங்க என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

இந்த மனுஷன் நடுவில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. விசில் சத்தம் இல்லை. இழுப்பு இல்லை.

"என்னா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேக்கல. மழை. மறுபடி சொல்லுங்க."

அவர் சலித்துக்கொண்டார். பிறகு முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் மறுபடியும், கேட்கவில்லை என்றேன்.